விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, லேப்டாப் முடியவில்லை

அக்காவின் லேப்டாப்புக்கு ஒன்பது வயது. கீபோர்டில் நான்கைந்து விசைகளின் எழுத்து தேய்ந்து வெறும் கறுப்பாகிவிட்டது. பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். மற்றபடி ஒரு குறையும் இல்லை. மொழிபெயர்ப்பு வேலை முழுவதையும் அதில்தான் செய்கிறாள். ஒருநாள் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து நின்றது: விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது, உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. எனக்குப் போன் செய்து, "நல்லா ஓடுற மெஷினை எதுக்குடா மாத்தச் சொல்றான்?" என்று கேட்டாள்.

ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் அவளுக்காக உட்கார்ந்து இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். அதில் எனக்குப் பிடிபட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இயங்குதளம் உயர்ந்தது என்று சண்டை போட்டால் இந்த முடிவை எடுக்கவே முடியாது. இரண்டு கேள்விகள் போதும். இந்த வழியில் இறங்கினால் பிடிக்காதபோது திரும்பி வர முடியுமா? அடுத்த வருடம் அந்த மெஷினை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், எதுவும் செய்யாமல் இருப்பது. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29 அன்று. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. முடிந்த மறுநாளும் கணினி வழக்கம்போல ஓடும். அதனால்தான் பலர் "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து வேறு பக்கமாக வருகிறது. விண்டோஸ் 10க்கும் 11க்கும் உள்ளே பெரும்பகுதி ஒரே நிரல். 11இல் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்து மாதாந்திர அப்டேட் வெளியிடும்போது, அந்த அப்டேட்டைப் பிரித்துப் பார்த்தே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அதே ஓட்டை 10இல் அடைக்கப்படாமல் கிடக்கும். மாதாமாதம் இந்தப் பட்டியல் நீளும்.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியதை நினைவில் வைத்திருப்பீர்கள். அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்களின் கோப்புகள் பூட்டிக்கொண்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அடைப்பு வந்தும் போடாமல் இருந்ததற்கே அந்தக் கதி என்றால், அடைப்பே வராத ஒரு கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இணையத்தோடு தொடர்பே இல்லாமல், ஒரு பழைய ஸ்கேனரை இயக்க மட்டும் மூலையில் இருக்கும் மெஷின் என்றால் அப்படியே விடலாம். வேறு எதற்கும் இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அடைப்புகளை மட்டும் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றோடு கணினியைப் பதிவு செய்ய வேண்டும். புதிய வசதி எதுவும் வராது. இது வாடகை வீட்டில் இன்னும் ஒரு வருடம் இருக்க அனுமதி வாங்குவது மாதிரி. ஒரு பெரிய வேலையின் நடுவில் இருப்பவர்களுக்கு, இப்போது எதையும் கலைக்க முடியாது என்பவர்களுக்கு நல்ல வழிதான். அக்காவுக்கு முதலில் நான் செய்து கொடுத்ததும் இதுதான், ஏனென்றால் அப்போது அவள் கையில் பாதி முடிந்த ஒரு நூல் இருந்தது. ஆனால் அந்த ஒரு வருடத்தை மாறுவதற்கான அவகாசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடமும் இதே கேள்வியோடு நிற்போம்.

மூன்றாவது, விண்டோஸ் 11ஐயே போடுவது. "தகுதி இல்லை" என்ற அறிவிப்பை அப்படியே நம்பிவிட வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் முக்கியமான பொருள் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி. 2018க்குப் பிறகு வந்த பல கணினிகளில் அது இருக்கும், ஆனால் பயாஸ் அமைப்பில் (கணினி கிளம்பும்போது விண்டோஸுக்கு முன் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் மெஷினில் பிடிடி என்றும் ஏஎம்டி மெஷினில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருப்பார்கள். அதை இயக்கினால் சில நேரம் அறிவிப்பே மாறிவிடும். ஐந்து நிமிட வேலை, எனவே வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

பிராசசர்தான் பழையது என்றால் அந்தத் தந்திரம் உதவாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்கு முந்தையவற்றை அதிகாரப்பூர்வப் பட்டியல் பெரும்பாலும் ஏற்காது. ரூஃபஸ் போன்ற கருவியால் அந்தச் சோதனைகளை நீக்கிய பென் டிரைவ் தயாரித்து, பழைய மெஷினிலும் 11ஐ ஏற்றிவிடலாம். நானும் ஏற்றியிருக்கிறேன், ஓடத்தான் செய்கிறது. சிக்கல் பின்னால் வரும். வருடாந்திரப் பெரிய அப்டேட் இப்படிப்பட்ட மெஷினுக்குத் தானாக வருவதில்லை, ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டும். 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற பிராசசர் கட்டளைகளைக் கட்டாயமாக்கியபோது, அதுவரை ஓடிக்கொண்டிருந்த மிகப் பழைய மெஷின்கள் அந்தப் பதிப்பில் பூட் ஆகவே இல்லை. அடுத்து எந்தக் கதவு எப்போது மூடும் என்பது நம் கையில் இல்லை. சொந்த மெஷினில், நோண்டிப் பார்க்க ஆர்வம் இருந்தால் செய்யுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது நின்று போகும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

நான்காவதாக குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ், உலாவியை மையமாகக் கொண்ட ஓர் இயங்குதளம். பழைய கணினிகளுக்காகவே கூகுள் 2022இல் கொண்டுவந்தது. 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் போதும். அப்டேட் தானாக வரும், கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. மின்னஞ்சல், வீடியோ, இணையப் படிவம் இவ்வளவுதான் தேவை என்றால், குறிப்பாகப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில், இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் குரோம் ஓஎஸ்ஸோடு விற்கப்படும் குரோம்புக் லேப்டாப்பில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் கிடையாது. இணையம் போனால் பாதி வேலை போச்சு. வாழ்க்கையே ஒரு கூகுள் கணக்கில் கட்டுண்டுவிடும். அதோடு, சோதித்துச் சான்றளித்த ஒவ்வொரு மாடலுக்கும் கூகுளும் ஒரு முடிவு தேதி போட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் மாடல் அதில் இருக்கிறதா, இருந்தால் எந்த வருடம் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

புதிய மெஷின் வாங்குவது ஐந்தாவது. வாங்க முடியும், வேலைக்கும் அது வேண்டும் என்றால் வாங்கலாம், அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆனால் பழையதைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். 2022இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மென்பொருளின் தேதி முடிந்ததற்காக நல்ல வன்பொருள் அந்தக் குவியலில் போய்ச் சேர்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி நான் இருபது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வழிக்கு வருகிறேன். விண்டோஸுக்கு மாற்றாக யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் எனக்குள்ள பற்றை மறைக்கப் போவதில்லை. அதனாலேயே அதில் எங்கே இடறும் என்பதையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பற்றுக்குக் காரணம் வேகமோ இலவசமோ மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். ஒரு நிறுவனம் தன் வசதிக்கு ஒரு தேதி போட்டால், அந்தத் தேதியில் என் மெஷின் பழசாகிவிடுகிறது. மூலநிரல், அதாவது மென்பொருள் எழுதப்பட்ட நிரல், எல்லோருக்கும் திறந்திருந்தால் அந்தத் தேதியைத் தாண்டியும் யாராவது அதைப் பராமரிக்க முடியும். 2010இல் ஓப்பன்ஆபிஸ் என்ற திறந்த அலுவலக மென்பொருள் திட்டத்தின் எதிர்காலம் குறித்து அதில் உழைத்தவர்களுக்கே நம்பிக்கை போனபோது, அவர்கள் நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரேஆபிஸ் என்று தொடர்ந்தார்கள். இன்று நாம் பயன்படுத்துவது அதைத்தான். மூடிய மென்பொருளில் இப்படி ஒரு வாய்ப்பே கிடையாது.

திறந்திருந்தால் திருடனும் உள்ளே வரலாமே என்று கேட்பார்கள். வந்திருக்கிறான். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய கருவியில், பராமரிப்பவரின் நம்பிக்கையை இரண்டு வருடத்துக்கும் மேலாகச் சம்பாதித்து, ஒருவர் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்துவிட்டார். வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். முக்கியமான ஒரு கருவி களைத்துப்போன ஒரே ஒருவர் தோளில் கிடந்தது என்பது வெட்கப்பட வேண்டிய உண்மை. அதே நேரம், வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்து தேட முடிந்ததால்தான் அது பெரும்பாலான கணினிகளைத் தொடுவதற்குள் பிடிபட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் நான் இதன் பக்கம் நிற்கிறேன்.

சரி, எந்த லினக்ஸ்? ஒரே அடித்தளத்தைப் பல குழுக்கள் பல பெயரில் வெளியிடுகின்றன. எனக்கு நானே போட்டுக்கொள்வது டெபியன். 1993இலிருந்து இருக்கிறது, அவசரப்படாது, ஒரு பதிப்புக்கு மொத்தம் ஐந்து வருடம் வரை பாதுகாப்பு அடைப்புகள் வரும். ஃபெடோரா புதிய வன்பொருளுக்கு அருமை, ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் ஏறக்குறைய பதின்மூன்று மாதம்தான், மற்றவர் வீட்டு மெஷினுக்கு அது சரிப்படாது. விண்டோஸிலிருந்து வருபவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது லினக்ஸ் மின்ட். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் பழகிய இடத்தில் இருக்கும். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. அப்டேட் ஏதாவது காலை வாரினால் நேற்றைய நிலைக்கு மெஷினைத் திருப்பிவிடலாம். 4 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 இருந்தால் சின்னமன் பதிப்பு. 32 பிட் பிராசசர் உள்ள மிகப் பழைய மெஷினுக்கு மின்ட் ஒத்துவராது. டெபியனே 13ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. அங்கே ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவானவற்றைத்தான் தேட வேண்டும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் அழிக்காமல் முன்னோட்டம் பார்க்கலாம் என்பது. 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை எழுதி, கணினியை அதிலிருந்து கிளப்பினால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் முழு இயங்குதளமும் திரையில் வந்துவிடும். அக்காவின் மெஷினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தோம். ஒலி வந்தது, கேமரா வந்தது, மூடித் திறந்தால் தூங்கி எழுந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. பட்டியலில் ஒரு இணைப்பின் பெயர்கூட இல்லை, அந்தச் சின்னமே இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் "இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்று எழுதியிருந்தது. அவளுடைய போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இணையத்தைப் பகிர்ந்து, வன்பொருளை இயக்கும் டிரைவர்களை நிறுவித் தரும் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். அந்த வைஃபை சிப்புக்கான மூடிய டிரைவர் பட்டியலில் தயாராக இருந்தது. தேர்ந்தெடுத்து ஒரு சொடுக்கு, இரண்டு நிமிடம், அக்கம்பக்கத்து இணைப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக விழுந்தன. இது பென் டிரைவ் நிலையிலேயே தெரிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். எதையும் நிறுவுவதற்கு முன்பே உங்கள் மெஷினின் பலவீனம் என்ன என்று அது காட்டிவிடும். பிரிண்டரையும் அப்போதே இணைத்துப் பாருங்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால் அதையும் செருகிப் பாருங்கள். அந்த டோக்கன்களின் டிரைவர்தான் லினக்ஸில் அதிகம் தொல்லை தருவது.

தமிழ்த் தட்டச்சு பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது, அது தேவையில்லை. ஐபஸ் உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிப்பு முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை எல்லாம் கிடைக்கும். அக்கா தமிழ்99 பழகியவள். ஐந்தாவது நிமிடத்தில் வழக்கமான வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

பயப்பட வேண்டியது எழுத்துருவைப் பற்றி. லதா, விஜயா, நிர்மலா யுஐ எல்லாம் விண்டோஸோடு வரும் எழுத்துருக்கள். அவற்றில் தயாரித்த ஆவணத்தை லிப்ரேஆபிஸில் திறந்தால் வேறொரு தமிழ் எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும், நாற்பது பக்கம் நாற்பத்து மூன்றாகும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. காலிப்ரிக்கு கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று அதே அகலத்தில் வடித்த மாற்றுகள் இருக்கின்றன. தமிழுக்கு அப்படி யாரும் செய்யவில்லையே என்று எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. நாங்கள் செய்தது, இனி எழுதும் எல்லாவற்றுக்கும் நோட்டோ தமிழ் எழுத்துருவை வைத்துக்கொண்டோம். அது எந்தக் கணினியிலும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடியது, அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே பக்க அமைப்பைப் பார்க்கலாம். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருக் கோப்பையே லினக்ஸிலும் போட்டுவிட்டோம், அவை அப்படியே திறந்தன.

லிப்ரேஆபிஸ் பற்றியும் ஒன்று. சாதாரண வேர்ட் கோப்புக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் பதிப்பாசிரியரும் எழுதுபவரும் மாற்றிமாற்றித் திருத்தக் குறிகளும் குறிப்புகளும் போட்டு அனுப்பும் கோப்பு, நான்கைந்து முறை இங்கும் அங்கும் போய்வந்தால் ஏதாவது ஒன்று இடம் மாறும். அக்கா அப்படிப்பட்ட கோப்புகளை உலாவியில் ஓடும் வேர்டில் திறக்கிறாள். ஃபோட்டோஷாப்பும் ஆட்டோகேடும்தான் உங்கள் பிழைப்பு என்றால் லினக்ஸ் உங்களுக்கு இல்லை, நான் வற்புறுத்த மாட்டேன். விளையாட்டுகளில் வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது. ஆனால் வேலரன்ட் போல, ஏமாற்றுத் தடுப்பை இயங்குதளத்தின் ஆழத்தில் வைக்கும் விளையாட்டுகள் ஓடாது.

அடுத்தது, ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரே டிஸ்க்கைப் பிரிக்கும்போது கை தவறலாம். விண்டோஸின் வேகத் தொடக்க வசதி அணைக்கப்படாமல் இருந்தால், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரத்திலும் வைப்பதால் மாறும்போதெல்லாம் மணி தப்பும். தீர்வுகள் உண்டு, ஆனால் எதற்கு?

அதைவிட நல்ல வழி பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலும் பாகமே இல்லாத ஒரு எஸ்எஸ்டி போடுவது. ஒன்பது வயது மெஷினில் மெதுவாக இருப்பது பெரும்பாலும் அந்தச் சுழலும் தட்டுதான். அக்காவின் லேப்டாப் அடிப்பக்கம் பதினொரு திருகு. கழற்றி, மாற்றி, எஸ்எஸ்டியில் மின்ட்டை நிறுவி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முன்பு ஆன் செய்துவிட்டு முகம் கழுவி வருவாள், இப்போது உட்கார்வதற்குள் திரை தயாராக இருக்கிறது. பழைய டிஸ்க் விண்டோஸோடு, கோப்புகளோடு, ஒரு எழுத்துகூடக் கலையாமல் தனியாக இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் திருகுகளைக் கழற்றி அதையே திரும்பப் போட்டுவிடலாம். நான் முதலில் சொன்ன திரும்பி வரும் வழி இதுதான். கழற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பல கணினிகளில் டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற மறையாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே அது தெரியாது. விண்டோஸ் ஓடும்போதே அமைப்புகளில் போய்ப் பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் முன்பு ஒரு நண்பரின் மெஷினில் இதைப் பார்க்காமல் கழற்றிவிட்டு, அவருடைய எந்தக் கணக்கில் சாவி இருக்கிறது என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காவின் பழைய டிஸ்க் இப்போது யுஎஸ்பி உறை ஒன்றுக்குள், கழற்றிய தேதியும் மீட்புச் சாவியும் எழுதிய தாளோடு, அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இந்த எட்டு மாதத்தில் அதை இரண்டு முறை வெளியே எடுத்திருக்கிறாள். ஒருமுறை பழைய புகைப்படங்களுக்காக, இன்னொரு முறை நான் நகலெடுக்கத் தவறிய ஓர் எழுத்துருவுக்காக.